சேர்த்தா, பிரித்தா, சிறுகோடு போட்டா? தமிழில் கூட்டுச்சொற்களை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு நூலான கல்வெட்டு, பாடசாலையின் ஆண்டு மலர், கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், சனசமூக நிலையத்துப் பெயர்ப்பலகை. யாழ்ப்பாணத்தில் அச்சகத்துக்குப் போகும் இந்தப் பிரதிகளை எழுதிக் கொடுப்பவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், சங்கச் செயலாளராக இருக்கலாம். லகர ளகரங்களைக் கவனமாகத்தான் எழுதுவார்கள். பிழை சேர்வது இரண்டு சொற்கள் சந்திக்கும் மூட்டில். ஒரே பக்கத்தில் "பல்கலைக்கழகம்", "பல்கலைக் கழகம்", "பல்கலை கழகம்" மூன்றும் நிற்கும். ஒப்புநோக்குபவர் ஒன்றைத் திருத்துவார், மற்ற இரண்டும் அச்சாகிவிடும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு தனித்தனி முடிவுகளை ஒன்றாக நினைப்பதுதான். இடைவெளி விடுவதா இல்லையா என்பது பொருளைப் பற்றிய முடிவு. க், ச், த், ப் என்ற ஒற்று மிகுமா மிகாதா என்பது ஓசையையும் இலக்கண உறவையும் பற்றிய முடிவு. ஒற்று மிகுந்தால் சேர்த்தே எழுத வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இடைவெளி விட்டால் ஒற்றை நீக்க வேண்டும் என்றும் இல்லை. "இந்துக் கல்லூரி" என்பதில் ஒற்றும் உண்டு, இடைவெளியும் உண்டு. "குடிநீர்" என்பதில் இரண்டுமே இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே போகின்றன.

ஆங்கிலத்தில் இருந்து மொழிபெயர்ப்போர் அங்குள்ள வழக்கத்தைக் கூடவே கொண்டுவருவதும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே மாதிரியான கூட்டுச்சொற்களில் சில ஒட்டியும் சில விட்டும் சில சிறுகோடு (-) போட்டும் எழுதப்படும். அங்கேயும் அது நிலையானதல்ல. ஷோட்டர் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி 2007இல் தனது ஆறாம் பதிப்பில் ஏறத்தாழ 16,000 சொற்களில் இருந்து கோட்டை எடுத்துவிட்டது. சிலவற்றை ஒட்டியது, சிலவற்றைப் பிரித்தது. ஆங்கிலத்தில் மூட்டைக் காட்ட இடைவெளியும் கோடும்தான் உண்டு. தமிழில் மூட்டை ஒற்றே காட்டிவிடுகிறது. ஆகவே ஆங்கிலப் பிரதியில் எங்கே கோடு இருக்கிறது என்று பார்த்து அதே இடத்தில் தமிழிலும் கோடு போடத் தேவையில்லை. அங்கே கோட்டுடன் எழுதும் பதவிப் பெயர் இங்கே "துணைவேந்தர்" என்று ஒரே சொல்.

படி 1: இது ஒரு பொருளின் பெயரா, விவரிக்கும் தொடரா?

முதலில் ஒற்றை மறந்துவிடுங்கள். இரண்டு சொற்களும் சேர்ந்து புதிய ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்டனவா என்று மட்டும் பாருங்கள். நல்லெண்ணெய் என்றால் எள்ளில் ஆட்டிய எண்ணெய். நல்ல எண்ணெய் என்றால் தரமான எந்த எண்ணெயும். சின்னம்மா அம்மாவின் தங்கை, சின்ன அம்மா உருவத்தில் சிறியவர். நல்லபாம்பு ஓர் இனம், நல்ல பாம்பு என்று யாரும் பாம்பைப் பாராட்டுவதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி, நடுவே ஒரு சொல்லை நுழைத்துப்பார்ப்பது. "நல்ல தேங்காய் எண்ணெய்" என்று நுழைக்கலாம், நல்லெண்ணெய்க்குள் எதையும் நுழைக்க முடியாது. முன்னால் "மிக" சேர்த்துப்பார்ப்பது இன்னொரு வழி. "மிக நல்ல எண்ணெய்" சரி, "மிக நல்லெண்ணெய்" வராது. நுழையவும் விடாமல் "மிக"வையும் ஏற்காமல் நிற்பது ஒரு சொல். அதை ஒட்டி எழுதுங்கள்.

பொருள் அடியோடு மாறும் இடங்களில் இந்தச் சோதனை மிகவும் பயன்படும். "ஒருவேளை வருவார்" என்றால் வரக்கூடும். "ஒரு வேளை உணவு" என்றால் ஒரு நேரச் சாப்பாடு. அன்னதான அறிவித்தலில் "ஒருவேளை உணவு வழங்கப்படும்" என்று ஒட்டி அடித்தால், சாப்பாடு கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற பொருள் வந்துவிடும். எடுத்துக்காட்டு உதாரணம், எடுத்துக் காட்டு என்பது கட்டளை. முன்வந்தார் என்றால் தானாக ஒப்புக்கொண்டார், முன் வந்தார் என்றால் முன்னால் வந்தார். கண்டுபிடித்தார் புதிதாக அறிந்தார், கண்டு பிடித்தார் பார்த்துக் கையால் பிடித்தார். கைவிட்டார் துறந்தார், கை விட்டார் உள்ளே கையை நுழைத்தார். "குடும்பத்தைக் கைவிடாத தந்தை" என்று கல்வெட்டில் எழுதும்போது ஓர் இடைவெளி நுழைந்துவிட்டால் நல்ல வாக்கியம் கெட்டுப்போகும்.

முதற்பகுதி தனியே நிற்க முடியாததாக இருந்தால் சோதனையே வேண்டாம், ஒட்டியே எழுத வேண்டும். அ, இ, எ என்ற சுட்டும் வினாவும் இவ்வகை: அக்காலம், இப்பாடசாலை, எந்நாளும். அதையே "அந்த" என்று நீட்டினால் தனிச்சொல்லாகிவிடும்: அந்தக் காலம், இந்தப் பாடசாலை. செம், கரும், பெரும், நெடும் போன்றவையும் தனியே நில்லாதவை: செந்தாமரை, கருங்கல், பெருங்கடல், நெடுந்தீவு.

நீளத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு உறுப்பு வரை ஒட்டலாம். மூன்றாவது வந்தால் பொருள் முடியும் இடத்தில் இடைவெளி விடுங்கள். "பலநோக்குக்கூட்டுறவுச்சங்கம்" என்று முழுவதையும் ஒட்டினால் படிப்பவர் மூச்சுவிட இடமில்லை. "பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்" என்பதே கண்ணுக்கும் வாய்க்கும் ஏற்றது. இரண்டு மூட்டிலும் ஒற்று அப்படியே இருப்பதைக் கவனியுங்கள்.

பாடசாலையில் "சேர்த்தெழுதுக" என்ற பயிற்சியில் புள்ளி எடுத்த பழக்கத்தில் சிலர் உரைநடையிலும் கண்டதையெல்லாம் சேர்ப்பார்கள். அந்தப் பயிற்சி சொற்கள் எப்படிப் புணரும் என்று அறிவதற்கு. எல்லாவற்றையும் புணர்த்தித்தான் எழுத வேண்டும் என்பதற்கல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கணத்தில் எவ்வளவு இறுக்கமானவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவரே வசன நூல்களில் சந்தி விகாரங்களைக் குறைத்து, எவரும் வாசித்து விளங்கும்படி எழுதினார்.

படி 2: ஒற்று மிகுமா?

இடைவெளி முடிவான பிறகு ஒற்றுக்கு வாருங்கள். வருமொழி, அதாவது இரண்டாவது சொல், க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். முழு விதிகளும் நீளமானவை. கூட்டுச்சொற்களுக்கு வேண்டியவை சிலவே.

வினையடி பெயரோடு நேரே சேர்வது வினைத்தொகை. இதில் ஒற்று ஒருபோதும் மிகாது, பிரித்தும் எழுதக்கூடாது. ஊறுகாய், சுடுகாடு, குடிநீர், வளர்பிறை, உயர்கல்வி, தேடுபொறி, தொடுதிரை எல்லாம் இவ்வகை. போத்தல் லேபலில் "ஊறுக்காய்" என்று அடிப்பது பிழை. க.பொ.த. பரீட்சையில் "உயர்தரம்" ஒட்டியும் "சாதாரண தரம்" விட்டும் எழுதப்படுவதற்குக் காரணமும் இதுதான். உயர் என்பது வினையடி, சாதாரண என்பது அடைமொழி. இரண்டையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று "உயர் தரம்" என்று பிரிக்க வேண்டாம்.

உம்மை மறைந்த இணைகளிலும் ஒற்று மிகாது: தாய்தந்தை, ஆடுமாடு, செடிகொடி, இரவுபகல். ஒட்டி எழுதுங்கள்.

பண்புப் பெயரும் இனப் பெயரும் முன்னால் வந்தால் பெரும்பாலும் மிகும்: பொதுக்கூட்டம், வெள்ளைத்தாள், புதுக்குடியிருப்பு, முழுப்பக்கம். "சிறு" இதற்கு விலக்கு: சிறுகதை, சிறுதொழில், சிறுகோடு. வேற்றுமை உருபு மறைந்த தொகையிலும் பெரும்பாலும் மிகும்: தேர்த்திருவிழா, மிளகாய்த்தூள், நல்லூர்க் கந்தசுவாமி கோயில்.

பெயரெச்சத்தில் மிகாது: வந்த பிள்ளை, பெரிய கோயில், நல்ல தண்ணீர். "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை, "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. கல்வெட்டில் அடிக்கடி தவறுவது எதிர்மறைப் பெயரெச்சம். "ஆறாத துயர்" என்று முழுதாக எழுதினால் ஒற்று இல்லை. ஈற்றுத் தகரத்தை விட்டு எழுதினால் "ஆறாத் துயர்" என்று ஒற்று வர வேண்டும். "அழியாத புகழ்", "அழியாப் புகழ்" இரண்டும் இதே முறை. "ஆறாதத் துயர்", "அழியா புகழ்" இரண்டும் பிழை.

சில பெயர்கள் இந்த விதிகளைக் கடந்து நிலைத்துவிட்டவை. கறுத்த என்பது பெயரெச்சம், மிகக்கூடாது. ஆனால் மாம்பழத்தின் பெயர் கறுத்தக்கொழும்பான் என்றே வழங்குகிறது. சந்தையில் நிலைத்த பெயரை இலக்கணம் சொல்லித் திருத்தப் போக வேண்டாம்.

ஒற்று எங்கே நிற்க வேண்டும் என்பதில் விலக்கே இல்லை. பிரித்து எழுதினால் ஒற்று முதற்சொல்லின் கடைசியில் நிற்கும். "இந்து க்கல்லூரி", "கூட்டுறவு ச்சங்கம்" என்று இரண்டாம் சொல்லின் தலையில் ஒற்று ஏறுவது எந்த நிலையிலும் பிழை. கைபேசியில் தட்டும்போது இது அதிகம் நேரும். பரிந்துரையில் வரும் "இந்து"வைத் தொட்டால் விசைப்பலகை தானாக ஓர் இடைவெளியைப் போட்டுவிடும், அதன் பின் தட்டும் க் அடுத்த சொல்லோடு போய்விடும்.

படி 3: ல், ள், ன் முடிவில் நின்றால்

யாழ்ப்பாணத்தில் அதிகம் பிழையாகும் மூட்டு இதுதான், ஊர்ப் பெயர்களிலும் தொழிற்பெயர்களிலும் நிறைய வருவதால் விரிவாகப் பார்ப்பது நல்லது.

லகரத்தை அடுத்து க, ச, ப வந்தால் ல் என்பது ற் ஆகும்: கடல் + கரை கடற்கரை, பால் + சோறு பாற்சோறு, நாவல் + குழி நாவற்குழி, ஒடியல் + கூழ் ஒடியற்கூழ். தகரம் வந்தால் இரண்டு எழுத்துமே மாறும். ல் என்பது ற் ஆகும், த என்பது ற ஆகும். கடல் + தொழில் கடற்றொழில். காவல் + துறை காவற்றுறை. ஊர்காவற்றுறை என்ற பெயரில் இருப்பது இந்தப் புணர்ச்சியே.

பிழை வருவது பாதிவழியில் நிற்பதால். "ஊர்காவற்துறை", "கடற்தொழில்", "கற்தூண்", "பொற்தாமரை" என்று எழுதுவோர் முதல் எழுத்தை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். தமிழில் ற் என்ற எழுத்துக்குப் பின் தகரம் வராது. வாயாலும் அதைச் சொல்ல முடியாது, சொல்லிப்பாருங்கள். ஆகவே இரண்டே வழிகள். முழுதாகப் புணர்த்துவது: கற்றூண், பொற்றாமரை (பொன் + தாமரை), கடற்றொழில். அல்லது புணர்த்தாமல் விடுவது: கல்தூண், கடல் தொழில். ளகரத்திலும் இதே முறை. "மக்கட்தொகை" பிழை. மக்கட்டொகை என்று எழுதலாம், அது கடினமாகத் தோன்றினால் மக்கள்தொகை என்று விட்டுவிடலாம். சனத்தொகை என்ற சொல் கையில் இருக்கும்போது அந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு பாதிவழிப் பிழை, ற் வந்த பின்னும் மற்றோர் ஒற்றை ஏற்றுவது: கடற்க்கரை, முயற்ச்சி, பயிற்ச்சி. ற் அல்லது ட் என்ற ஒற்று நின்றால் அதன் பின் வேறு ஒற்று வராது. இதற்கு விலக்கு இல்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம்.

எந்தச் சொல்லைப் புணர்த்துவது, எதை விடுவது? வழக்கில் புணர்ந்தே நிலைத்தவற்றைப் புணர்த்தியே எழுதுங்கள்: கடற்கரை, கடற்றொழிலாளர், நாவற்குழி. புதிதாக உருவாகும் தொடர்களைப் பிரித்தே வைத்திருங்கள். "செயல் திட்டம்" என்பதைச் "செயற்றிட்டம்" என்று ஆக்கலாம், இலங்கையில் அது வழக்கிலும் உண்டு. ஆனால் ஒரு பிரதியில் இரண்டும் கலந்து வரக்கூடாது.

பனை தனி விதியுடையது. காய், கிழங்கு, கட்டி சேரும்போது ஐ கெட்டு அம் வரும்: பனங்காய், பனங்கிழங்கு, பனங்கட்டி. மரம், ஓலை சேரும்போது அப்படியே நிற்கும்: பனைமரம், பனையோலை. இவை எல்லாம் ஒரே சொல்லாக எழுதப்படுபவை.

படி 4: வினைகளில் இடைவெளி

இரண்டு வினைகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவது தன் சொந்தப் பொருளைத் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் பிரியுங்கள். தராமல் முதல் வினைக்குத் துணையாக மட்டும் நின்றால் ஒட்டுங்கள். "தங்கையைப் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்" என்பதில் விட்டார் என்றால் இறக்கிவிட்டார், அது தனிச்செயல். "காயவைத்த மிளகாயை உள்ளே கொண்டுவந்துவிட்டார்" என்பதில் அது முடிந்ததை மட்டும் காட்டுகிறது. "எழுதிப்பார்த்தார்" முயன்றார், "எழுதிப் பார்த்தார்" எழுதினார், பிறகு பார்த்தார். செய்துகொண்டிருந்தார், போய்விட்டது, சொல்லிவைத்தார் எல்லாம் ஒட்டுபவை.

வேண்டும், முடியாது ஆகியவற்றைப் பிரித்து எழுதுவதே தெளிவு: செய்ய வேண்டும், வர முடியாது. "இல்லை" வினையோடு ஒட்டும், பெயரோடு ஒட்டாது: வரவில்லை, பணம் இல்லை.

படி 5: ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

உடன், இலிருந்து, போது, படி, மாறு, தான், ஆவது முதலியவை முன்சொல்லைச் சார்ந்தவை. அவருடன், வீட்டிலிருந்து, வரும்போது, அறியத்தருமாறு என்று ஒட்டி எழுதுங்கள். "சொன்னபடி" என்றால் சொன்னதுபோல், "சொன்ன படி" என்றால் முன்பு குறிப்பிட்ட படிக்கட்டு. "தான்" அதிகம் ஏமாற்றும். "அவர்தான் வந்தார்" என்பதில் அழுத்தம். "அவர் தான் வந்ததாகச் சொன்னார்" என்பதில் தான் என்பது அவரையே குறிக்கும் பெயர். கணினியில் ஒரேயடியாக " தான்" என்பதைத் தேடி ஒட்டிவிட்டால் இரண்டாவது வாக்கியம் கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

சலசல, படபட போன்ற இரட்டைக்கிளவி ஒட்டும். "பாம்பு பாம்பு", "வாருங்கள் வாருங்கள்" போன்ற அடுக்கு பிரியும். எண்ணுப் பெயரில் நூறுக்குள் பிரிக்காதீர்கள், நூறும் ஆயிரமும் முடியும் இடத்தில் பிரியுங்கள்: இரண்டாயிரத்து இருபத்தைந்து. இலக்கத்தில் எழுதும்போது "31ம் நாள்" என்றால் முப்பத்தொன்றும் என்று பொருள்பட்டுவிடும். "31ஆம் நாள்" என்றே எழுதுங்கள். 1974இல், 1974 இல் இரண்டும் வழக்கில் உள்ளவை, ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

படி 6: பெயர்களுக்கு விதி பொருந்தாது

ஊர், நிறுவனம், ஆள் பெயர்களை அவரவர் எழுதும்படியே எழுத வேண்டும். மண்டைதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றில் விதிப்படி த் மிகலாம், வழக்கில் இல்லை. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் உண்டு. "பிரதேச செயலகம்" அரச ஆவணங்களில் ச் இல்லாமலே எழுதப்படுகிறது. ஒப்புநோக்குபவர் ஒற்றைச் சேர்த்தால் பெயர் மாறிவிடும். பாடசாலைப் பெயரைக் கடிதத் தலைப்பில் இருந்தோ பெயர்ப்பலகையில் இருந்தோ பாருங்கள், ஞாபகத்தில் இருந்து எழுதாதீர்கள்.

யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு மூன்று நிலைகள் உண்டு. முழுதாக அடைமொழியாகும்போது ஈறு கெட்டு ஒற்று வரும்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். சுருக்கினால் புள்ளியும் இடைவெளியும்: யாழ். பல்கலைக்கழகம், யாழ். மாவட்டம். வேறு பெயருக்குள் கலந்தால் புள்ளியின்றி ஒட்டும்: யாழ்நகர், 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி ரயில். சுருக்கத்தோடு உருபு சேர்த்து "யாழ்.இல்" என்று எழுத வேண்டாம், யாழ்ப்பாணத்தில் என்று விரித்து எழுதுங்கள்.

படி 7: ஆங்கிலத்தில் இருந்து வந்த சொற்கள்

ஆங்கிலத்தில் எத்தனை சொல் என்று எண்ண வேண்டாம், தமிழர் வாயில் எத்தனை சொல்லாகப் புழங்குகிறது என்று கேளுங்கள். ஐஸ்கிறீம் ஆங்கிலத்தில் இரண்டு சொல், நமக்கு ஒன்று. ஒன்லைன், பாஸ்போட், பேஸ்புக் எல்லாம் ஒன்றே. ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் சேர்ந்தால் பிரியுங்கள்: பஸ் நிலையம், கொம்பியூட்டர் வகுப்பு, ரயர் கடை. மெய்யில் முடியும் இரவல் சொல்லுக்குப் பின் ஒற்று வேண்டாம்: பஸ் கட்டணம். உயிரோசையில் முடிந்து தமிழோடு கலந்துவிட்டதற்கு ஒற்று இயல்பாக வரும்: வங்கிக் கணக்கு. கலைச்சொல் ஆக்கும்போது ஒட்டுவதே வழக்கம்: மின்னஞ்சல், இணையத்தளம், கடவுச்சொல், முன்பள்ளி. நீண்டகாலக் கடன், பகுதிநேர வேலை போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் கோடு உண்டு, தமிழில் தேவையில்லை.

படி 8: சிறுகோட்டுக்கு உரிய இடங்கள்

தமிழில் சிறுகோட்டுக்கு வேலை குறைவு. சம நிலையில் நிற்கும் இரண்டு பெயர்களை இணைக்கலாம்: தமிழ்-ஆங்கில அகராதி, 1987ஆம் ஆண்டின் இலங்கை-இந்திய ஒப்பந்தம். பெயரிலேயே கோடு இருந்தால் விடாதீர்கள்: கோவிட்-19, ஏ-9 வீதி. "முதல், வரை" என்ற பொருளுக்குச் சற்று நீண்ட கோடு: 1822–1879, கொழும்பு–காங்கேசன்துறை. இந்த இரண்டு கோடுகளையும் கலக்காமல் வைத்திருந்தால் பக்கம் துப்புரவாகத் தெரியும். "திருமண-அழைப்பிதழ்", "யாழ்-பல்கலைக்கழகம்" போன்ற கோடுகள் அலங்காரத்துக்காகப் போடப்படுபவை, எடுத்துவிடுங்கள்.

வரி முடிவில் சொல் முறியும்போது தமிழில் கோடு போட வேண்டியதில்லை. ஆனால் புதிய வரி புள்ளி எழுத்தில் தொடங்கக்கூடாது. "பல்கலை" மேலே, "க்கழகம்" கீழே என்று முறிவது பெரும் பிழை. கையால் கோடு போட்டு முறித்தால், பத்தி நகரும்போது அந்தக் கோடு வரி நடுவே வந்து "பல்கலைக்-கழகம்" என்று அச்சாகும். அவசியமானால் கொன்ட்ரோலை அழுத்தியபடி கோட்டு விசையைத் தட்டுங்கள். வேர்டிலும் லிப்ரே ஒபிஸிலும் அது வரி முறிந்தால் மட்டும் தெரியும் கோட்டைத் தரும். "யாழ்." மேல் வரியிலும் "மாவட்டம்" கீழ் வரியிலும் போகாமல் இருக்க, இடையில் கொன்ட்ரோல், ஷிப்ட், இடைவெளி விசை மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தலையெழுத்துக்கும் பெயருக்கும் இடையிலும், இலக்கத்துக்கும் அலகுக்கும் இடையிலும் இதையே செய்யலாம்.

படி 9: சொற்பட்டியலும் தேடலும்

பிரதியைத் தொடங்கும்போதே ஒரு தாளை எடுத்து, இரண்டு விதமாக எழுதக்கூடிய சொல் வரும்போதெல்லாம் நீங்கள் தேர்ந்த வடிவத்தை அகர வரிசையில் குறித்துவையுங்கள். ஒரு பாடசாலை மலருக்கு ஐம்பது அறுபது சொல் சேரும். மாநகர சபையா மாநகரசபையா, கோயிலா கோவிலா போன்றவற்றுக்கு இரு பக்கமும் நியாயம் உண்டு. அங்கே தேவை ஒருமைப்பாடுதான். தட்டச்சு செய்பவர், பக்கம் அமைப்பவர், ஒப்புநோக்குபவர் மூவரிடமும் இந்தத் தாளின் பிரதி இருக்க வேண்டும்.

பிரதி முடிந்ததும் கணினியில் தேடுங்கள். முதலில் ஓர் இடைவெளியும் க்-உம் சேர்த்துத் தேடுங்கள். பிறகு ச், த், ப் மூன்றுக்கும் அதே முறை. அகப்படுபவை அனேகமாக எல்லாம் இடம்மாறிய ஒற்றுகள். "ப்ளீஸ்" போன்ற இரவல் சொற்கள் மட்டும் வீணாக அகப்படும். அடுத்து ற்க்க, ற்ச்ச, ற்ப்ப, ற்த, ட்த ஆகியவற்றைத் தேடுங்கள். அதன் பின் " உடன்", " இருந்து", " விட்ட", " கொண்டிரு". கடைசியாக இரட்டை இடைவெளி. யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும் பகுதியை யுனிகோட் தேடல் காணாது. அச்சகம் பழைய கோப்பு ஒன்றில் இருந்து ஒரு பகுதியை ஒட்டியிருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

கல்வெட்டில் வரும் தேவாரத்தை இந்தத் தேடலுக்கு உட்படுத்தாதீர்கள். செய்யுளில் இடைவெளி சீரைக் காட்டுவது, சொல்லைக் காட்டுவதல்ல. "தோடு டையசெவி யன்விடை யேறி" என்று பதிப்பில் இருந்தால் அது ஓசைப்படி பிரித்தது. சொற்பிரிப்பாக அச்சிட விரும்பினால் "தோடுடைய செவியன் விடையேறி" என்று முழுப் பதிகத்தையும் அப்படியே பிரித்த ஒரு நல்ல பதிப்பைப் பாருங்கள். பாதி சீராகவும் பாதி சொல்லாகவும் கலந்தால் ஓதுபவர் தடுமாறுவார்.

படி 10: அச்சுக்கு முன்

திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல் தாளில் எடுத்து, ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் பார்ப்பது நல்லது. வாசிப்பவர் எங்கே தேவையின்றி நிறுத்துகிறாரோ அங்கே தேவையற்ற இடைவெளி இருக்கும். எங்கே திக்குகிறாரோ அங்கே அளவுக்கு மீறி ஒட்டியிருக்கும். அட்டையும் தலைப்புகளும் பெரும்பாலும் படமாக வேறு கோப்பில் இருப்பதால் தேடலுக்கு அகப்படாது, அவற்றைத் தனியே பாருங்கள்.

பெயர்ப்பலகை செய்விப்போர் வரைபடத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது, பெயர் இரண்டு வரியாகும் இடம். அகலம் போதாமல் மேல் வரியின் கடைசி ஒற்றைக் கழற்றிவிடுவது வழக்கமாக நடக்கிறது. "பலநோக்கு" மேலே, "கூட்டுறவுச் சங்கம்" கீழே என்று நின்றுவிடும். "பலநோக்குக்" என்ற கடைசி க் மேல் வரியிலேயே இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், ஒற்றை எடுக்க விடாதீர்கள். எழுத்து வெட்டத் தொடங்குவதற்கு முன் வரைபடத்தில் கையொப்பமிட்டு ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.